பழைய தேக்கு பீரோவும் ‘பியூ பாலிஷ்’ ஆளும்: சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வேலை நடந்தது என் வீட்டு பால்கனியில். நான் நாலு அடி தள்ளி ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். வேளாவேளைக்கு டீ போட்டுக் கொடுத்ததும் நான்தான். அப்படியும் கண்ணெதிரே ஏமாந்தேன். தீபாவளி, பொங்கல் என்று வீட்டைச் சரிசெய்யும் நேரத்தில் இன்னொருவர் இதே வலையில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு நங்கநல்லூரில், இரண்டாவது மாடி. பழைய வீடுகளை இடிக்கும்போது வெளியே வரும் கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை எல்லாம் வாங்கி விற்கும் ஒரு கடையில் அந்த மர பீரோவைப் பார்த்தேன். 6.5 அடி உயரம், 4 அடி அகலம். மேலே இரண்டு கதவு, கீழே ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு இழுப்பறை. 28,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். கடைக்காரர் “பர்மா தேக்கு” என்றார். பழைய மரம் விற்கிற எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மரம் நல்ல வைரம் பாய்ந்த மரம், கனம் கையில் தெரிந்தது. லிஃப்டில் நுழையவில்லை. நான்கு பேர் படிக்கட்டில் தூக்கி வந்தார்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் ஒரு கீறல்.

இழுப்பறைகளை வெளியே இழுத்துத் துடைக்கும்போது என் மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொன்றின் பின்பலகையிலும் உள்பக்கமாக உளியால் வெட்டிய சின்னக் கோடுகள். மேல் இழுப்பறையில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, அப்புறம் மூன்று, நான்கு. எது எந்தப் பொந்துக்கு என்று செய்த ஆசாரி போட்ட அடையாளம். பலகைகள் ஆணியே இல்லாமல், புறாவின் வால் மாதிரி விரிந்த பல்லும் பல்லும் கோத்துப் பொருத்தியிருந்தன. மகள் கோடுகளை விரலால் தடவி எண்ணுவதை போட்டோ எடுத்தேன். அழகுக்காக எடுத்தது, கடைசியில் எனக்கு இருந்த ஒரே சாட்சியாகிவிட்டது.

நான் நினைத்தது இவ்வளவுதான். கருத்துப்போன பழைய பாலிஷை எடுத்துவிட்டு, மேல் கதவுகளின் பலகையைக் கழற்றிக் கண்ணாடி போட்டு, உள்ளே இரண்டு தட்டு சேர்த்தால் புத்தக அலமாரி. கீழே இழுப்பறைகளில் புடவை. ஹார்டுவேர் கடையில் விசாரித்தபோது ஒருவரின் நம்பர் கொடுத்தார்கள். வந்து பார்த்தார், முழுக்க பியூ பாலிஷ் (பாலியூரித்தேன், ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிப்பது), கண்ணாடி, தட்டு எல்லாம் சேர்த்து 24,000 கேட்டார். “ஆறு நாள்ல முடிச்சிடலாம் மேடம், தீபாவளிக்கு உங்க வீட்ல விளக்கு வெளிச்சம் இதுல பட்டு மின்னும் பாருங்க.” 12,000 அட்வான்ஸ் கொடுத்தேன். எழுதி எதுவும் வாங்கவில்லை.

முதல் நாள் ஒரு பக்கெட் தண்ணீரில் வெள்ளைச் செதில் மாதிரி எதையோ கொட்டிக் குச்சியால் கலக்கினார். தண்ணீர் தானாகவே சூடாகி ஆவி வந்தது. என்ன என்று கேட்டேன். “ரிமூவர் மேடம்.” தேங்காய் நார் பிரஷ்ஷால் அதை பீரோ முழுக்கத் தேய்த்தார். பழுப்பு நுரையாக பாலிஷ் வழிந்தது. ஒரே மணி நேரத்தில் மொத்தமும் போய்விட்டது, எனக்கு ஒரே ஆச்சரியம். மேலோட்டமாக இரண்டு மக் தண்ணீர் ஊற்றினார், அவ்வளவுதான். மரம் காய்ந்தபோது தேன் நிறத்தை எதிர்பார்த்த எனக்குக் காப்பிக் கொட்டை நிறம் கிடைத்தது. தொட்டால் மேற்பரப்பு சொரசொரவென்று நார் எழும்பியிருந்தது. “வயசான தேக்கு அப்படித்தான் மேடம்” என்று சொல்லிவிட்டு, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மேலே வால்நட் ஸ்டெயினை, அதாவது கரும்பழுப்பு மரச்சாயத்தை, அப்பினார். வால்நட் நான் கேட்கவே இல்லை.

இரண்டாம் நாள் இழுப்பறைகளை ஆட்டிப் பார்த்தார். “நாலும் லூசாயிடுச்சு. பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் கிளாம்ப் போட்டு ஒட்டினாத்தான் நிக்கும்.” ஆட்டோவில் ஏற்றினார். அதற்குத் தனியாக 3,500. நான்கையும் நானே கீழே வரை தூக்கிக் கொடுத்தேன் என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

பியூ அடித்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். நல்ல கம்பெனி லேபிள் ஒட்டிய டப்பாவைக் காட்டினார். கூடவே சின்ன ஹார்டனர் டப்பா. பெரிய டப்பாவின் மூடி ஏற்கெனவே திறந்து மூடியது, ஓரமெல்லாம் நசுங்கியிருந்தது. ஹார்டனர் டப்பா சீல் உடையாமல் கடைசி நாள் வரை என் பால்கனி மூலையிலேயே இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. ஒரு சாயங்காலம் மழை வந்து வேலை நின்றது. கலந்து வைத்த மிச்சத்தை பிளாஸ்டிக் டப்பாவில் மூடிவைத்தார், மறுநாள் காலையில் அதையே எடுத்து அடித்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு விஷயத்தில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் மாமியார் வழக்கம்போல சாமி விளக்கு ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தார். அந்த மனிதர் பால்கனியிலிருந்து ஒரே கத்தல், “அம்மா, பத்த வைக்காதீங்க, தின்னர் வாசனை வீடு பூரா இருக்கு!” ஏமாற்றினாலும் வீட்டைக் கொளுத்த விடவில்லை. கதவு ஜன்னல் திறக்காமல் உள்ளே வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

ஆறு நாள் வேலை பத்தொன்பது நாள் ஆனது. நடுவில் 6,000 வாங்கினார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் இழுப்பறைகள் வந்தன, சொருகிக் காட்டினார், ஹால் விளக்கில் எல்லாம் பளபளத்தது. பலகாரம் சுடும் அவசரத்தில் மிச்சம் 6,000-ஐயும் கொடுத்துவிட்டேன். மொத்தம் 27,500, பீரோவின் விலைக்கே கிட்டத்தட்ட.

அடுத்த மழையில் பக்கப் பலகையில் பால் தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டு. போன் செய்தால், “ஈரத்துக்கு மேடம், வெயில் வந்தா போயிடும்.” போகவில்லை. கீழ் ஓரங்களில் பாலிஷ் செதில் செதிலாக உரிந்தது. பத்து நாள் கழித்து மூன்றாவது இழுப்பறையை இழுத்தேன், முகப்புப் பலகை மட்டும் கையோடு வந்தது. பின்னால் புடவைகளோடு பெட்டி அப்படியே உள்ளே நின்றது.

எதிர் வீட்டுப் பெண்ணின் அப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் தச்சராக இருந்து ரிடையர் ஆனவர். பார்க்கக் கூப்பிட்டேன். பீரோவைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் பால்கனிக் கதவின் கீழ்ச் சட்டத்தைப் பார்த்தார். அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப் பொரிந்திருந்தது. “ஏம்மா, காஸ்டிக் சோடா போட்டானா?” என்றார். அலுமினியத்தை அப்படித் தின்பது அதுதானாம். தேக்கில் பட்டால் மரம் கருக்கும், நார் எழும்பும், பழைய கோந்து விட்டுப்போகும். சரியாகக் கழுவி, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய விடாவிட்டால் உள்ளே தங்கிய காரம் மேலே அடிக்கும் எந்தப் பாலிஷையும் தள்ளிவிடும். வெனீர் ஒட்டிய பீரோவாக இருந்தால் மேல் தோலே கழன்றிருக்கும் என்றார்.

உண்மையில் அவ்வளவு வன்முறை தேவையே இல்லை. ஸ்டெயின் படாத ஒரு மறைவான ஓரத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தார், பஞ்சு ஆரஞ்சுப் பழுப்பாக மாறியது. பழைய பாலிஷ் அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட்டும் ஸ்டீல் உல்லும் வைத்துப் பொறுமையாகத் துடைத்தால் மூன்று நாளில் மரம் நிறம் மாறாமல் வெளியே வந்திருக்கும்.

அப்புறம் “நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கா?” என்று கேட்டார். அசிட்டோன் உள்ளதாக இருக்க வேண்டும். பஞ்சில் நனைத்துப் பின்பக்கமாக ஒரு இடத்தில் அரை நிமிடம் வைத்தார். எடுக்கும்போது பஞ்சு ஒட்டிக்கொண்டு இழுத்தது, நூல் நூலாகப் பசை. நன்றாக இறுகிய பியூ அவ்வளவு சீக்கிரம் அசையாது. இது சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர், ஹார்டனர் இல்லாமல் தின்னர் கலந்து அடிப்பது. மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளை பூப்பது அதன் குணம். என்.சி. ஒன்றும் மோசமான சரக்கு இல்லை, ஆனால் அதற்கு பியூ விலை கொடுக்கக்கூடாது. மறுநாள் மிச்சத்தை அடித்த கதையைச் சொன்னதும் பெரியவர் சிரித்தேவிட்டார். “ஹார்டனர் கலந்த பியூவை ராத்திரி பூரா வச்சா, காலைல டப்பாவுக்குள்ள கல்லுதாம்மா இருக்கும்.”

இழுப்பறைக்கு வந்தபோது அவர் சிரிக்கவில்லை. நான்கையும் தரையில் கவிழ்த்துப் போட்டார். முகப்பு மட்டும் பழைய தேக்கு. பக்கம், பின், அடி எல்லாம் பிளைவுட், வால்நட் பூசி மறைத்தது. ஓரத்தை நகத்தால் சுரண்டியதும் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. புறா வால் பொருத்து எங்கேயும் இல்லை, முகப்பைச் சின்ன ஆணிகளால் அடித்திருந்தார்கள். போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். மகளின் விரல், மூன்று கோடு. பின்பலகையைத் திருப்பிப் பார்த்தோம், கோடும் இல்லை, அந்தப் பழைய பலகையும் இல்லை. வைரம் பாய்ந்த பழைய பலகைக்கு எப்போதும் ஆள் உண்டு, அது எந்தப் பட்டறையில் எந்த ஸ்டூலாக மாறியிருக்கிறதோ.

போன் செய்தேன். இழுப்பறை பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. “மேடம், நீங்க பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?” அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கப்படவில்லை. ஹார்டுவேர் கடையில், “நம்பர்தானேம்மா குடுத்தோம்” என்றார்கள்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு வருடம் அவகாசம் உண்டு, நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. என்னிடம் பில் இல்லை. யுபிஐயில் மூன்று தவணை அனுப்பிய பதிவும், ‘பியூ பாலிஷ் அட்வான்ஸ்’ என்று நான் தற்செயலாகப் போட்ட குறிப்பும், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலை விவரமும், அந்த போட்டோவும்தான் இருக்கின்றன. நீங்கள் ஆள் வைத்தால் பணம் அனுப்பும்போது குறிப்பில் என்ன வேலை, என்ன சரக்கு என்று எழுதிவிடுங்கள். டப்பா உங்கள் முன்னால் சீல் உடையட்டும், ஹார்டனரும் சேர்த்து. காலி டப்பாக்களை அவர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம், தீபாவளி பீரோவைப் பார்க்க வராது. ஒரு பலகைகூட வாசலைத் தாண்டக்கூடாது. அப்படியே தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் உள்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் போட்டோ எடுத்து, பென்சிலால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் பின்பக்கத்தில் அந்தப் பஞ்சு சோதனை.

பீரோ இப்போது கதவில்லாமல் ஹாலில் நிற்கிறது. பெரியவர் சொன்னபடி லேக்கரைத் தின்னரால் எடுத்துவிட்டு வினிகர் தண்ணீரால் துடைத்தாயிற்று. தை பிறந்து காற்று உலர்ந்ததும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து நாங்களே துணியால் இழைக்கப் போகிறோம். கருப்பைக் கொஞ்சம் இறக்க முதலில் ஆக்சாலிக் ஆசிட் போட்டுப் பார்க்கலாம், கையுறை கட்டாயம் என்றிருக்கிறார். பிளைவுட் இழுப்பறைகளுக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு வேண்டுகோள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, எந்தப் பழைய மரக் கடையிலோ, சுமார் முக்கால் அங்குலக் கனத்தில், இரண்டு முனையிலும் புறாவின் வால் மாதிரி பல் வெட்டிய தேக்குப் பலகைகளைப் பார்த்தால், திருப்பிப் பாருங்கள். உளியால் ஒன்று முதல் நான்கு வரை கோடு இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன்.