மாநகராட்சிப் பள்ளி காலை உணவு: ஓர் அம்மாவின் கருத்து

என் மகள் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, எங்கள் தெருவில் பாதிப் பேர் "இதெல்லாம் எத்தனை நாளைக்கு" என்றுதான் பேசினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது சொல்கிறேன், புதன்கிழமை பொங்கலும் சாம்பாரும் அருமை. ஒருநாள் கேட்டருகே நின்று பார்த்தேன், தட்டைப் பிடித்தபடி வரிசையில் நின்ற ஒரு பொடியன் ஆவி பறக்கும் பொங்கலை ஊதி ஊதித் தின்றான், கையெல்லாம் சாம்பார். வீட்டு வேலைக்கு ஆறு மணிக்கே கிளம்புகிற அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?

குறையும் இருக்கிறது. உப்புமா சில நாள் ஆறிப்போய்க் கட்டியாக வருகிறது, பிள்ளைகள் அப்படியே மிச்சம் வைக்கிறார்கள். அப்புறம், ஐந்தாம் வகுப்போடு ஏன் நிறுத்த வேண்டும்? ஆறாவது போனால் பசிக்காதா? வாசலில் நிற்கிற எல்லாப் பெற்றோரும் கேட்பது இதைத்தான். தயங்குகிறவர்கள் தைரியமாகச் சேர்க்கலாம், காலையில் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்து விடுங்கள், சூடாகக் கிடைக்கும்.