வடபழனியா, வள்ளி திருமணமா, கையில் இருக்கும் போனா?

நடிப்பு ஆசை வந்துவிட்டது. பயிற்சிப் பள்ளி வாசலை மிதித்ததில்லை, சினிமாவில் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. ராமநாதபுரம் கடலோரத்தில், தொண்டியிலோ மண்டபத்திலோ இருந்துகொண்டு இதைச் சொன்னால், "பரமக்குடிக்காரர் கமல் ஜெயிக்கலையா?" என்பார்கள். அவர் கணக்கு வேறு. 1960-ல் சிறுவனாகவே ஏவி.எம். படத்தில் வந்தவர். ஆனாலும் அந்தக் கதையில் நமக்கு உதவுகிற இடம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில், தானாக வாசலுக்கு வரும் வழி. தனுஷ்கோடிக்குப் படக்குழு வந்தால் கூட்டத்தில் நிற்க உள்ளூர் ஆட்களைக் கூப்பிடுவதுண்டு. போங்கள், பேட்டா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வசனம் உள்ள வேடங்களுக்குப் பெரும்பாலும் சென்னையிலேயே ஆள் முடிவாகியிருக்கும். ஒரு ஷாட்டுக்காக எவ்வளவு நேரம் வெயிலில் சும்மா நிற்க வேண்டும் என்பது தெரியவரும். அதுவே பெரிய லாபம்.

அடுத்தது சென்னை. ராமேஸ்வரத்தில் ராத்திரி சேது எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாலு பேரோடு ஒரு அறை. ஆடிஷன் சேதி உதவி இயக்குநர்கள் வழியாக வாய்மொழியாகவும் பரவுவதால், அங்கே இருப்பதில் பலன் இல்லாமல் இல்லை. சிக்கல் வாடகையில்தான். அதைக் கட்ட ஒரு வேலை வேண்டும், ஆடிஷன் வரும் நேரத்தில் அந்த வேலை விடாது. இதற்கு நடுவில் 'பதிவுக் கட்டணம்', 'போட்டோ ஆல்பம்' என்று பணம் கேட்பவர்கள் வேறு. நடிக்கக் கூப்பிடுகிறவர் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டியவர். உங்களிடம் அவர் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் வாய்ப்பு தேடுகிற ஆளாகப் போகாமல், சினிமாவுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலையில் போய்ச் சேர்ந்தால் நிலைமை மாறும். கீழக்கரைக்காரர் ராஜ்கிரண் விநியோகத் தொழிலில் வேலை பார்த்து, விநியோகஸ்தராகி, தயாரிப்பாளராகி, அப்புறம்தான் 1991-ல் நாயகனாக நின்றார். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவில் கணக்கராகவும் இருந்தவர். அங்கே நடிகர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்று, சின்னச் சின்ன வேடங்களில் வந்து, 2010-ல்தான் நாயகனானார். டேலியில் கணக்கு எழுதத் தெரிந்தவரோ, வண்டி ஓட்டத் தெரிந்தவரோ, அந்தத் திறமையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். வாடகையையும் அதுவே கட்டும்.

போனில் வீடியோ எடுத்துப் போடுவது மலிவு. சென்னைக்குப் போகாமலே ஆடிஷன் கொடுக்க, நம்மை நாமே எடுத்து அனுப்பும் செல்ஃப் டேப் இருக்கிறது. நம் ஊர்ப் பையன்கள் கடல் அழகாக இருக்கிறதென்று கரையில் நின்று வசனம் பேசுவார்கள். கச்சான் காற்று மைக்கில் மோதி 'புஸ்புஸ்' என்ற சத்தம்தான் மிஞ்சும். நிறுத்திய காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து எடுத்தால் குரல் சுத்தமாக விழும். புழுக்கத்தில் வேர்ப்பதும் சில காட்சிகளுக்குப் பொருத்தம்தான்! போனின் குறை என்னவென்றால், பிடிக்காத டேக்கை அழித்துவிடலாம். சொதப்பினால் எப்படிச் சமாளிப்பது என்பதை அது கற்றுத்தராது.

அதைக் கற்றுத்தருவது கோயில் திருவிழா மேடை. வள்ளி திருமணம் நாடகம் ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்து விடியும்வரை போகும். ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லும் இந்த வகையில் சேர்ந்து ஒத்திகை பார்க்கும் வழக்கமே கிடையாது. நாயகன் வேடம் போடும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேடம் போடும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், மேடையில்தான் சந்திப்பார்கள். நாரதர் வந்து வள்ளியோடு தர்க்கம் தொடங்குவதற்கு முன்னால், சிரிக்கவைக்கும் கோமாளியான பபூன் தனியாக வந்து நிற்பார். எதிரே முறுக்கு தின்னும் பிள்ளைகள், பாயில் பாதித் தூக்கத்தில் பெரியவர்கள், பின்னால் நின்று கேலி பேசும் இளவட்டம். அந்தக் கேலிக்கு அந்த நொடியே பதில் சொல்ல வேண்டும். எந்த நடிப்புப் பள்ளியில் இப்படி ஒரு வகுப்பு இருக்கிறது?

விசைப்படகுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் சித்திரை, வைகாசித் திருவிழாக் காலத்தோடு சேர்ந்தே வருகிறது. குறைகளும் உண்டு. ராஜபார்ட்டுக்குப் பாட்டு வேண்டும், சுருதி நிற்க வேண்டும். பாடத் தெரியாதவர் பபூனிடம் ஒட்டிக்கொள்வதே மேல். 'கூத்தாடி' என்ற பேச்சு பெண் பார்க்கும்போது வரும். கடைசி வரிசைக்கு எட்டும்படி வீசிய கையும் குரலும் குளோசப்பில் நாடகத்தனமாகத் தெரியும். அந்த மிகையைக் குறைக்கத்தான் போன்.

கமல் கதைக்கு வருவோம். அவரும் சிறுவயதில் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் பழகியவர். அந்தச் சண்முகம் சகோதரர்கள் சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்ற பிள்ளைகள். வள்ளி திருமணம் எழுதியவர் அதே சுவாமிகள்தான். ஆகவே என் ஓட்டு மேடைக்கும் போனுக்கும் சேர்த்து. சென்னைக்கு ஒரு வேலையோடு, அதற்கப்புறம்.

பெண்களுக்கு இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றுவேன். செல்ஃப் டேப் முதலில். நேரில் கூப்பிட்டால் கம்பெனி பெயர், முகவரி, யார் யார் இருப்பார்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில், அக்காவோ தோழியோ கூட வரப் போங்கள். கூட ஆள் வரக்கூடாது என்றால் டிக்கெட்டே போட வேண்டாம்.