பாய் விரிக்கும் இடத்தில் ஒரு நெடுநடை

கண்களை மூடி மாட்டிக்கொண்டு வேறோர் உலகைக் காணும் குவெஸ்ட் 3 தலைக்கவசத்தில் சில நாட்களாக ‘டீ ஃபார் காட்’ என்னும் மெய்நிகர் விளையாட்டை ஆடி வருகிறேன். துப்பாக்கி ஏந்திப் போராடும் விளையாட்டு இது. ஆயினும் நான் எழுத விரும்புவது சண்டையைப் பற்றியன்று, அதில் நாம் நடக்கும் நடையைப் பற்றி.

பெரும்பாலான மெய்நிகர் விளையாட்டுகளில் கட்டைவிரலால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியே நகர வேண்டும். நகர்வதாகக் கண்ணும் நின்றிருப்பதாக உட்காதும் சொல்வதால் எனக்குப் பத்தே நிமிடத்தில் குமட்டத் தொடங்கிவிடும். சுட்டிய இடத்துக்குத் தாவும் முறையில் அந்தத் தொல்லை குறைவு என்றாலும், வந்த வழி மனத்தில் தங்குவதில்லை. இங்கே சொந்தக் காலால் நடக்கிறோம்.

அதற்கு 180 செ.மீ. நீளமும் 120 செ.மீ. அகலமும் இருந்தால் போதும். கூடத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம். நாம் வரைந்து காட்டும் எல்லைக்குள் அடங்கும்படி நடைவழிகளையும் அறைகளையும் விளையாட்டே அமைத்துக்கொள்கிறது. மூலையில் திரும்பிக் கதவைக் கடந்தால் புதிய அறை வருகிறது. ஆனால் அது சற்றுமுன் நாம் நின்ற அதே தரையின்மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. இதைச் சோதிக்க, தரையின் நடுவே மெல்லிய ஈரிழைத் துண்டு ஒன்றை விரித்துவிட்டு வெறுங்காலுடன் நடந்தேன். மூன்று அறைகளைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டதாக மனம் நம்பிக்கொண்டிருந்தபோது, பாதத்தில் மீண்டும் அந்தத் துண்டே தட்டுப்பட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

நேர்க்கோட்டில் நடப்பதாக நம்பவைத்து, நம்மை அறியாமலே வட்டத்தில் திருப்பும் முறை ஒன்றும் உண்டு. ஆனால் நடப்பவர் அதை உணராதிருக்க வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 22 மீட்டர் இருக்க வேண்டும் என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவ்வளவு பெரிய கூடம் யார் வீட்டில் இருக்கிறது? ஒன்றன்மேல் ஒன்றாக அறைகளை அடுக்கும் இந்த வழியே வீட்டுக்கு ஏற்றது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. அடிக்கடி திரும்பியே ஆக வேண்டும். பரந்த வெளியைக் கண்ணால் காணலாமே தவிர, நேராக நடந்து கடக்க இயலாது. 515 கிராம் கவசத்தைச் சுமந்தபடி திரும்பித் திரும்பி நடப்பதால், முக்கால் மணி நேரத்தில் எனக்குக் கழுத்து வலித்தது. எனினும் ஒருமுறைகூடக் குமட்டவில்லை.

குமட்டலுக்கு அஞ்சி மெய்நிகர் கருவியைப் பரணில் போட்டவர்கள் இதைத் தயங்காமல் முயன்று பார்க்கலாம். எல்லையை வரையும்போது சுவரிலிருந்தும் மேசையிலிருந்தும் ஒரு முழம் உள்ளே தள்ளி வரையுங்கள். கால் எல்லைக்குள் இருந்தாலும் நீட்டிய கை வெளியே போய்விடும்.