செடர் இரவு: உணவகத்தில் வாங்குவதா, வீட்டில் சமைப்பதா?

யூதர்கள் எகிப்திலிருந்து வெளியேறியதை நினைவுகூரும் பண்டிகை பெசாக். அதன் முதல் இரவில் அந்தக் கதையைச் சொல்லிச் சாப்பிடும் செடர் விருந்தை நியூயார்க் பக்கம் மூன்று விதமாக நடத்துகிறார்கள். உணவகத்துக்கே போய் உட்காரலாம், எல்லாவற்றையும் வீட்டில் சமைக்கலாம், உணவகம் சமைத்ததை வாங்கிவந்து வீட்டு மேசையில் பரிமாறலாம். யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்கு மூன்றும் பழக்கம். எங்கள் வீட்டில் இப்போது நடப்பது மூன்றாவதுதான். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

உணவகச் செடரில் பாத்திரம் கழுவும் வேலை இல்லை. ஆனால் எல்லா மேசைகளுக்கும் சேர்த்து யாரோ ஒருவர் ஹகாதா என்னும் செடர் நூலை வாசிப்பார். ஒளித்துவைத்த அஃபிகோமன் என்ற மட்சா (புளிக்காத ரொட்டி) துண்டைத் தேடிக் குழந்தைகள் வீடெல்லாம் ஓட வழியில்லை. ருசியில் வீட்டுச் சமையலை மிஞ்ச முடியாது. என் மாமியாரின் மட்சா உருண்டை சூப்புக்கு ஈடாக எந்த உணவகமும் தந்ததில்லை. ஆனால் மற்றவர்கள் கதை சொல்லிக்கொண்டிருக்க, சமைக்கிறவர் மட்டும் அடுப்படியில் நிற்பது என் மனதுக்கு ஒப்பவில்லை.

வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டால், எதை வாங்குவது? விலையையும் கடையின் பெயரையும்விட இங்கே முக்கியம், அந்த உணவு எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது. செடருக்கு 15 படிகள், சாப்பாடு 11-ஆவது. இருட்டியபின் முதல் கோப்பை ஒயினோடு தொடங்கி, பார்ஸ்லியை உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்று, கடைக்குட்டி நான்கு கேள்விகள் கேட்டு, எகிப்திலிருந்து வெளியேறிய கதையைச் சொல்லி முடித்து, மட்சாவும் கசப்புக் கீரையும் உண்ட பிறகுதான் விருந்து. எங்கள் வீட்டில் அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும்.

இதற்கு ஏற்றது பிரிஸ்கெட்தான். மாட்டின் மார்புப் பகுதி இறைச்சி, குழம்பில் மெல்லிய தீயில் மணிக்கணக்காக வெந்தது; மறுநாள் ருசி கூடும். முதல் நாளே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே உறைந்துவிடும், வழித்தெடுக்கலாம். குளிர்ந்திருக்கும்போதே நாருக்குக் குறுக்காக வெட்டினால் பிய்யாது. துண்டுகளைக் குழம்போடு அடுக்கி, அலுமினியத் தாளால் இறுக மூடி, நான்கு கேள்விகள் தொடங்கும்போது 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓவனில் வைத்துவிடுவேன். கதை நீண்டால் சூட்டைக் குறைத்தால் போதும். செடர் இரவில் நெருப்பில் வாட்டிய இறைச்சியைத் தவிர்க்கும் அஷ்கெநாசி (ஐரோப்பிய வழி யூதர்) வழக்கத்துக்கும் இது ஒத்துவரும். உணவகப் பட்டியலில் வரும் வாட்டிய கோழியின் தோல், மூடிவைத்தால் நமத்துவிடும். சால்மன் வறண்டுவிடும், ஆஸ்பரகஸ் பச்சை நிறம் இழக்கும். அரைத்த மீனில் செய்யும் கெஃபில்டே மீன் பரவாயில்லை, குளிராகத்தானே பரிமாறுவது. சூப் வாங்கினால் மட்சா உருண்டைகளைத் தனி டப்பாவில் கேளுங்கள். ஒன்றாக இருந்தால் சூப்பையெல்லாம் குடித்துவிடும்.

அடையாள உணவுகளை வைக்கும் செடர் தட்டை மட்டும் வீட்டில் செய்யுங்கள். ஆப்பிள், வால்நட், பட்டைப் பொடி, இனிப்பு ஒயின் சேர்த்த ஹரோசெத்தைக் குழந்தைகளே கலந்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ‘பெசாக் விருந்து’ என்று விற்பதாலேயே அது பெசாக்குக்கான கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு உட்பட்டது, ஆகிவிடாது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஐந்தில் எதுவும் புளித்து அந்தச் சமையலறையில் இருக்கக் கூடாது; மேற்பார்வைச் சான்றும் வேண்டும். மன்ஹாட்டனில் புகழ்பெற்ற உணவுக் கடையான ஜபார்ஸ்கூட கோஷர் கடையல்ல. எங்கள் குடும்பம் யூத மதத்தில் ரிஃபார்ம் என்னும் பிரிவு, அதில் கண்டிப்பில்லை. விருந்தாளிகள் அப்படி இருக்க வேண்டுமென்பதில்லை, கேட்டுக்கொண்டு ஆர்டர் கொடுங்கள். பெசாக்கில் அரிசி, பருப்பு உண்பதும் அப்படியே, வீட்டுக்கு வீடு மாறும். ஸ்பெயின் வழி வந்த யூதர்களான செஃபார்திகளில் பலர் அரிசி உண்பார்கள். கன்சர்வேடிவ் என்னும் யூதப் பிரிவின் சட்டக் குழு 2015-இல் இரண்டையும் அனுமதித்தது. ஆனாலும் அஷ்கெநாசிகளில் பலர் இன்னும் தொடுவதில்லை. நம் சாப்பாட்டில் பாதி அதிலேயே போய்விடுகிறது.

சான்றுபெற்ற உணவகங்களின் விருந்தை நான் விருந்தாளியாகத்தான் சாப்பிட்டிருக்கிறேன். பிரிஸ்கெட் நன்றாகவே இருந்தது. ஆனால் செடர் இரவு யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளோடு சேரும் வருடத்தில் சூடேற்றுவதற்குத் தனி விதிகள் உண்டு. கண்டிப்பாக அனுசரிக்கும் வீட்டில் என் ஓவன் கணக்கு செல்லாது. அதை அவர்களுடைய மதகுருவான ரபியிடம் கேட்பதே சரி.