எட்டு மணியைப் புரிந்துகொள்ளாத செயலி

கோவையில் வீட்டு நர்சிங் நிறுவனம் தொடங்கவிருக்கும் தோழி ஒருவர், நாங்கள் பயன்படுத்தும் டூட்டி அட்டவணைச் செயலியின் கட்டணம் குறைந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். சென்னையில் நோயாளிகளின் வீடுகளுக்கு அட்டெண்டர்களையும் நர்சுகளையும் அனுப்பும் அலுவலகத்தில் ஆள் போடும் வேலை என்னுடையது. வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு, ஜிபிஎஸ் ஆகியவை எல்லாச் செயலிகளிலும் இருப்பவைதான். என் கோபமெல்லாம் எட்டு மணியின் மீது.

பகல் டூட்டி காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. இரவு டூட்டி அங்கிருந்து மறுநாள் காலை எட்டு வரை. எட்டு அடித்ததும் பகல் ஆளின் பெயர் திரையில் பச்சையாகிவிடும், அவர் விடுபட்டுவிட்டார் என்று பொருள். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரைத் தனியே விட்டு யார் கிளம்ப முடியும்? அடுத்த டூட்டிக்கான ரிலீவர் வந்து, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் கடைசியாக எப்போது உணவு கொடுத்தது, சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்தது, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தது என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டிய நோயாளிக்கு இது சம்பிரதாயம் அல்ல.

இப்படிப் பொறுப்பை ஒப்படைக்க ஆகும் கால் மணி நேரத்தைப் பதிய இந்தச் செயலியில் இடமே இல்லை. இரவு ஆளை ஏழே முக்காலுக்குப் போட்டால், ஒரே வீட்டில் இருவர் என்று சிவப்பு காட்டி நிறுத்துகிறது. மீறிச் சேர்த்தால் குடும்பத்தின் பில்லில் இருவருக்குமான பணம் ஏறுகிறது. குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்துவிட்டுக் கிளம்பும் ஒரு மணி நேரச் சேவையை மனத்தில் வைத்து எழுதியது போலத் தெரிகிறது. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல.

ரயில் தாமதமாகி ரிலீவர் ஒன்பதரைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். அதுவரை நின்ற பெண்ணின் கூடுதல் நேரம் சம்பளக் கணக்கில் சேர்வதில்லை. அவர் வெளியேறும் பொத்தானை அழுத்தியதும், தாமதமாகப் பதிவு செய்ததாக அவருக்கே எச்சரிக்கை போகிறது. நோயாளியைக் கைவிடாமல் நின்றவருக்கு எச்சரிக்கை! இதை ஒவ்வொரு முறையும் நான் கையால் திருத்துகிறேன். செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். ஷிப்ட் நேரத்தை மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

இதன் தேடல் வசதியைப் பாராட்டாமல் விடுவது நியாயமாகாது. கதீட்டர் எனும் சிறுநீர்க் குழாயின் பராமரிப்பு தெரிந்தவர், கனத்த உடம்பைத் தூக்கி உட்காரவைக்கக்கூடியவர், நாய் இருக்கும் வீட்டுக்குப் போகச் சம்மதிப்பவர், தெலுங்கு பேசுபவர் என்று எதையும் சேர்த்துத் தேடலாம். சரியான பெயர்கள் வரும். இணையம் இல்லாவிட்டாலும் பட்டியல் திறக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் புறநகர் ரயில்கள் நின்று, வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றபோது, எந்த நோயாளியின் வீட்டுக்கு யார் நடந்தே போக முடியும் என்று பார்க்க எங்களுக்கு இருந்தது அந்தப் பட்டியல்தான். ஆக்சிஜன் கருவியை நம்பியிருந்தவர்களின் வீடுகளை முதலில் பிரித்தெடுத்துக் கொடுத்தது. அந்த நாட்களுக்காக இதற்கு எவ்வளவு கட்டணமும் தகும் என்று அப்போது சொன்னேன். இப்போதும் அதை மறுக்கவில்லை.

ஆனாலும் தோழிக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாங்கள் இந்த ஆண்டும் புதுப்பிப்போம்; நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தக் கட்டு இல்லை. எந்தச் செயலியை வாங்குவதானாலும், சோதனைக் காலத்தில் ஒரே வீட்டுக்கு எட்டு மணி வரை ஒருவரையும் ஏழே முக்காலிலிருந்து இன்னொருவரையும் போட்டுப் பாருங்கள். பிறகு பில்லைத் திறந்து பாருங்கள். அங்கே இருவருக்கும் பணம் ஏறியிருந்தால், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் வாங்க வேண்டாம்.