உலர்ந்த நொதிக்குத் துணை டிரெகலோஸா, சுக்ரோஸா?

உறையுலர்த்திய, அதாவது உறையவைத்து வெற்றிடத்தில் நீரை நீக்கிய, நொதி என்னும் புரதத்தின் வடிவம் குலையாமல் காக்கப் பெரும்பாலும் டிரெகலோஸ், சுக்ரோஸ் (நாம் உண்ணும் சர்க்கரை) இவ்விரண்டில் ஒன்றைச் சேர்ப்பார்கள். குளிர்பதனமின்றி வைக்க வேண்டிய நொதிக்கு நான் தேர்ந்தது டிரெகலோஸ். இரண்டும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட, ஒடுக்கும் தன்மையற்ற (புரதத்தோடு எளிதில் வினைபுரியாத) இரட்டைச் சர்க்கரைகள். நீர் நீங்கிய இடத்தில் புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்வதிலும் இரண்டும் வல்லவை. விலையில் சுக்ரோஸே மலிவு. மாவுச்சத்திலிருந்து நொதிகளால் டிரெகலோஸ் செய்யும் முறை 1990களில் ஜப்பானில் உருவான பிறகும் அந்த நிலை மாறவில்லை.

என் தேர்வைத் தீர்மானித்தது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. உலர்ந்த சர்க்கரை, புரதத்தை அசையவிடாமல் பிடித்துவைக்கும் கண்ணாடியாக இறுக வேண்டும். அந்த வெப்பநிலையைத் தாண்டினால் கண்ணாடி பாகுபோல் இளகி, சிதைவு வினைகள் விரைவுபெறும். முற்றிலும் உலர்ந்த சுக்ரோஸுக்கு இது ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ். டிரெகலோஸுக்கோ 110 டிகிரிக்கும் மேல். ஆய்வகத்தில் எவரும் முற்றிலும் உலர்த்திவிடுவதில்லை. மிஞ்சும் ஒவ்வொரு விழுக்காடு ஈரமும் அந்தப் புள்ளியைப் பல டிகிரி கீழிறக்கும் என்பதால், மூடி சற்றுத் தளர்ந்த குப்பியில் சுக்ரோஸ் வெகுவிரைவில் ஆபத்தான எல்லையை நெருங்க, டிரெகலோஸுக்கு இன்னும் தாராளமான இடைவெளி இருக்கும். மேலும், டிரெகலோஸின் ஒரு பகுதி, மூலக்கூறு ஒன்றுக்கு இரு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட இருநீரேற்றுப் படிகமாகி ஈரத்தைத் தன்னுள் பூட்டிக்கொண்டால், எஞ்சிய பகுதி உலர்ந்த கண்ணாடியாகவே நிற்கக்கூடும்.

அமிலச் சூழலிலும் இதே சாய்வுதான். சுக்ரோஸ் எளிதில் பிளந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகும். அவை ஒடுக்கும் சர்க்கரைகளாகையால் புரதத்தின் அமினோ தொகுதிகளோடு வினைபுரிந்து அதைப் பழுப்பாக்கும். இரு குளுக்கோஸ்களின் முதல் கார்பன்கள் ஒன்றோடொன்று பிணைந்த டிரெகலோஸ் அவ்வளவு எளிதில் உடையாது.

இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தால் தீர்ப்பு ஒருதலையாக வராது. ஈஸ்ட்டும் உப்புநீர் இறாலின் உறக்கநிலைக் கருக்களும் உலர்வைத் தாங்க டிரெகலோஸைச் சேமிக்கின்றன; பூச்சிகளின் குருதியில் அதுவே முதன்மைச் சர்க்கரை. ஆனால், காய்ந்து மீண்டெழும் பூக்கும் செடிகள் பலவும் விதைகளும் நம்புவது சுக்ரோஸை.

உறைநிலையிலேயே வைக்கப்படும் பொருளுக்கு என் சாய்வு செல்லுபடியாகாது. அங்கே டிரெகலோஸ் தனியே படிகமாகிப் புரதத்தைக் கைவிடும் வாய்ப்பு உண்டு. ஃபைசர், மாடர்னா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளிலும் சுக்ரோஸே சேர்க்கப்பட்டது. உயிருள்ள செல்களைப் பற்றி என் பட்டறிவு குறைவு. பாலூட்டிகளின் செல்சவ்வை டிரெகலோஸ் தானாக எளிதில் ஊடுருவாது என்பதால், அங்கே அதை உள்ளே கொண்டுசேர்ப்பதே தனி வேலை.