மஞ்சப்பை இயந்திரம்: பத்து ரூபாய்க்கு நல்ல பை

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டத்தில் வந்த இயந்திரம் இது, பத்து ரூபாய் நாணயம் போட்டால் துணிப்பை வந்து விழும். மூன்று நான்கு கிலோ காய் தாங்கும், துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். மீன் வாங்க மட்டும் சரிப்படாது, அதற்குத் தூக்குவாளிதான். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி முதலே தடை, அது கெடுதல் என்று தெரியாத ஆள் சந்தையில் யாருமே இல்லை, ஆனாலும் கையை வீசிக்கொண்டு வந்தவர் கத்தரிக்காயை எதில் வாங்குவார்? விழிப்புணர்வுப் பலகை எத்தனை வைத்தாலும் நடக்காதது அந்த இடத்தில் இந்த இயந்திரத்தால் நடக்கிறது. வீட்டில் பை இருந்தால் அதையே எடுத்துப் போங்கள், துணிப்பைக்கான பருத்தி விளையவும் தண்ணீர் நிறைய வேண்டும். அப்புறம், இயந்திரத்தைச் சந்தை வாசல் ஓரத்தில் வைக்காமல் காய்க்கடைகளுக்கு நடுவே வைத்தால் இன்னும் பலர் வாங்குவார்கள்.